மாமியார் பக்கத்தில் இருக்கும்போது கேட்கக் கூடாத கேள்விகள்

ஒரு பெண்ணிடம் "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டால், இப்போது உயிரோடு இருக்கிற பிள்ளைகளைத்தான் எண்ணிச் சொல்வார். அதிலும் சில நேரம் கட்டிக்கொடுத்த மகள்கள் விட்டுப்போவார்கள். நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டக் கிராமங்களில் கல்யாணம், பிள்ளைப்பேறு, குடும்ப வாழ்க்கை பற்றிய ஆய்வுகளுக்காகச் சில வருடங்களாக வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேட்டி எடுத்து வருகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிற பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பும் இப்போது சேர்ந்திருக்கிறது. அவர்களிடம் வாயால் சொல்லி வருவதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

பிள்ளைகளின் எண்ணிக்கையிலிருந்தே தொடங்குகிறேன். 1992-93இல் முதன்முதலாக நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின் கேள்வித்தாளை வாங்கிப் பாருங்கள். இந்த ஒரு விஷயத்துக்கு அதில் வரிசையாகப் பல கேள்விகள் இருக்கும். உங்களோடு இருக்கும் மகன்கள் எத்தனை பேர், மகள்கள் எத்தனை பேர். வேறு இடத்தில் வாழும் மகன்கள், மகள்கள் எத்தனை பேர். பிறந்து பிறகு இறந்துபோன பிள்ளை உண்டா. இல்லை என்று சொன்னாலும், பிறந்ததும் அழுது, கொஞ்ச நேரமே உயிரோடு இருந்து போன குழந்தை உண்டா என்று இன்னொரு தடவை கேட்க வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி, "மொத்தம் இத்தனை, சரிதானே?" என்று திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும்.

பயிற்சிக்கு வரும் இளம்பெண்கள் அந்த இரண்டாவது கேள்வியில் தயங்குவார்கள். இல்லை என்று சொன்னவரிடம் எப்படி மறுபடி கேட்பது, மனசு கஷ்டப்படாதா என்பார்கள். வேதாரண்யம் பக்கம் ஒரு அப்பாயி, அறுபதைத் தாண்டியவர், இரண்டு மகன் ஒரு மகள் என்று கணக்கை முடித்துவிட்டார். இந்தக் கேள்வி வந்ததும் "அது எதுக்கு இப்ப?" என்றார். அந்தக் காலத்தில் எத்தனை குழந்தைகள் தவறிப்போயின என்பது தாய்மார்கள் சொன்னால்தான் தெரியும், சொல்ல இஷ்டம் இல்லையென்றால் விட்டுவிடலாம் என்றேன். கொஞ்ச நேரம் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருந்தார். அப்புறம் தலைச்சன் பெண் குழந்தை என்றும், மூன்று நாள் இருந்தது என்றும் சொன்னார். பெயர் வைக்கும் முன்பே போய்விட்டதாம். ஆனால் மனசுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தாராம், யாரிடமும் சொன்னதில்லை. படிவத்தில் பெயருக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அவர் சொன்ன பெயரை அதில் எழுதினேன்.

இப்படி ஒரு பதில் வந்த பிறகு உடனே அடுத்த கேள்விக்கு ஓடக் கூடாது. "அழாதீங்க" என்றும் சொல்லக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அவரே "சரி, அடுத்து என்ன கேக்கணும்?" என்பார்.

அடுத்த சிக்கல் வருடம். ஐம்பது வயதைக் கடந்த பெண்கள் பலருக்குக் கல்யாண வருடமோ பிள்ளை பிறந்த வருடமோ நினைவில் இருக்காது. ஆனால் எது எதற்கு முன்னால், எது எதற்குப் பின்னால் என்பது துல்லியமாகத் தெரியும். அதனால் எங்கள் கையில் ஒரு நிகழ்ச்சி அட்டவணை எப்போதும் இருக்கும். வயதானவர்களுக்கு 1968 டிசம்பரில் நடந்த வெண்மணிக் கொடுமை, 1977 நவம்பர் புயல். அப்புறம் எம்.ஜி.ஆர். இறந்த 1987, கும்பகோணம் மகாமகம் வந்த 1992, 2004, 2016. சுனாமி. 2018 நவம்பரில் அடித்த கஜா புயல். "கஜா அப்ப இவன் வயித்துல ஆறு மாசம்" என்று ஒரு பெண் சொன்னால் பிறந்த மாதமே கிடைத்துவிடும். ஒவ்வொரு ஊருக்கும் சொந்தமாகவும் சில நிகழ்ச்சிகள் உண்டு: கோயில் குடமுழுக்கு, பாலம் கட்டியது, கரண்ட் வந்தது. ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடையிலோ ரேஷன் கடையிலோ விசாரித்து அவற்றையும் அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் நான்கைந்து வருட இடைவெளி தெரிந்தால் நின்று விசாரிக்க வேண்டும். "நடுவுல ஏதும் தங்கிக் கலைஞ்சு போச்சா?" என்று கேட்டால் சொல்வார்கள். தானாகக் கலைந்ததை எளிதாகச் சொல்கிறவர்கள் கலைத்ததைச் சொல்லத் தயங்குவார்கள், போலீஸ் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். 1971 சட்டப்படி குறிப்பிட்ட காரணங்களுக்காகப் பதிவுபெற்ற மருத்துவரிடம் கருக்கலைப்பு செய்துகொள்வது குற்றம் அல்ல. இதை முதலில் சொல்லிவிட்டு, தலையை நிமிர்த்திப் பார்க்காமல், குறிப்பேட்டைப் பார்த்தபடி கேட்டால் அந்தப் பதிலும் வரும்.

கல்யாண வயதை நேராகக் கேட்டால் வீட்டுக்கு வீடு பதினெட்டு என்றே பதில் வரும். சட்டம் என்ன சொல்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் நான் வயதைக் கேட்பதில்லை. கடைசியாகப் படித்த வகுப்பு என்ன, பள்ளிக்கூடத்தை விட்டு எத்தனை வருடத்தில் மஞ்சள் நீராட்டு, அதற்கு எத்தனை தீபாவளி கழித்துக் கல்யாணம், தலைதீபாவளிக்கு வயிற்றில் பிள்ளை இருந்ததா என்று வரிசையாகப் போனால் வயது தானாக வந்து நிற்கும். பிடித்துவிட்டோம் என்ற முகம் மட்டும் காட்டக் கூடாது. பதினைந்தில் கட்டிக்கொடுக்கப்பட்டவர் அதைத் தேடிப் போய்ச் செய்யவில்லை.

இனி மாமியார் விஷயம். இதை நிறையச் சொல்ல வேண்டும்.

மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மருமகளின் பதில்களில் பாதி மாமியாருடையது. சில வீடுகளில் முழுவதுமே அவருடையது. மருமகளுக்கு எப்போது நாள் தள்ளிப்போனது என்பதைக்கூட அவரே சொல்வார். எழுந்து போங்கள் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. நாங்கள் போன பிறகு அந்த வீட்டில் இருக்கப் போவது அந்த மருமகள். அதனால் இரண்டு பேராகப் போவோம். ஒருவர் மாமியாரைத் திண்ணைக்கு அழைத்துப் போய் அவருடைய காலத்துக் கதையைக் கேட்பார். அதை ஒப்புக்குக் கேட்கக் கூடாது. அவரும் ஒரு காலத்தில் மருமகளாக இருந்தவர், அவர் சொல்வதும் எங்கள் ஆய்வுக்கு வேண்டும். அவருடைய பேட்டியும் முறையாகப் பதிவாகும். உள்ளே மருமகள் பேசுவார்.

இந்தப் பக்கம் சொந்தத்தில் கட்டுவது இன்னும் நிறைய. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 100க்கு 28 கல்யாணங்கள் ரத்த உறவுக்குள் நடந்தவை. தாய்மாமனைக் கட்டிய பெண்ணுக்கு மாமியார் அவளுடைய சொந்த அம்மாயி. நம்ம வீட்டுக்குள்ளேயே கொடுத்தால் பிள்ளை சுகமாக இருக்கும் என்றுதான் கொடுக்கிறார்கள். பல வீடுகளில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் புருஷன் சரியில்லாத வீட்டில் அந்தப் பெண்ணுக்கு முறையிட இடமே கிடையாது. அம்மாவிடம் போய்ச் சொன்னால் அம்மாவின் தம்பியைப் பற்றிச் சொன்னதாகிறது. இப்படிப்பட்ட பெண்கள் அத்தை வீட்டிலோ தோழி வீட்டிலோ வைத்துத்தான் வாய் திறந்திருக்கிறார்கள். அதனால் பேட்டிக்கு எந்த இடம் வசதி என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வீட்டில்தான் எடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நூறு நாள் வேலை நடக்கிற வாய்க்கால் கரையில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மற்றவர்களிடமிருந்து நாலு மரம் தள்ளி உட்கார்ந்து எடுத்த பேட்டிகள் எனக்குக் கிடைத்த நல்ல பேட்டிகளில் சேரும்.

தலைச்சன் பிரசவத்துக்குப் பெண்கள் தாய் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வளைகாப்பு முடிந்ததும் கிளம்பினால் பிள்ளையோடு திரும்ப மூன்று மாதம், ஐந்து மாதம் ஆகும். வீட்டுப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு போகிறவர் "ஆள் இல்லை" என்று எழுதிவிட்டு நகர்ந்தால், முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருக்கிற பெண்களே ஆய்வில் இல்லாமல் போவார்கள். நாங்கள் தாய் வீட்டு முகவரியை வாங்கிக்கொண்டு அங்கே போகிறோம். செலவு கூடத்தான் செய்கிறது. ஆனால் பிறந்த வீட்டுத் தாழ்வாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் பெண் பேசுகிற பேச்சைப் புகுந்த வீட்டில் கேட்க முடியாது.

காலம் பார்ப்பதும் முக்கியம். நடவு நேரத்திலும் அறுப்பு நேரத்திலும் வயல் வேலைக்குப் போகிற பெண்களைத் தொந்தரவு செய்யாதீர்கள். அரை நாள் கூலி போனால் அந்த வாரக் கணக்கே இடிக்கும். கடற்கரைக் கிராமங்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். கையில் காசும் இருக்காது. அந்த 61 நாளில் தனியாகப் பேசுவது மிகவும் கடினம். பெண்களிடம் குடும்பச் சண்டை பற்றிக் கேட்க அதைவிட மோசமான காலமும் கிடையாது.

சண்டை, அடி பற்றிய கேள்விகளுக்குத் தனி விதிகள் உண்டு. அவற்றை எந்த அவசரத்திலும் தளர்த்தக் கூடாது. ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்க வேண்டும், மற்ற பெண்களுக்கு அந்தப் பகுதி இருப்பதே தெரியக் கூடாது. தனிமை இல்லையென்றால் அந்தப் பகுதியைக் கேட்காமலே விட்டுவிட வேண்டும். தேசிய ஆய்விலும் இதுதான் முறை. யாராவது உள்ளே வந்தால் பேச்சை மாற்ற ஒரு தலைப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் தாய்ப்பாலுக்குத் தாவிவிடுவேன். "ஆறு மாசம் வரைக்கும் வெறும் தாய்ப்பால்தானா, இல்ல தண்ணியும் குடுத்தீங்களா?" என்று கேட்டதும் வந்தவர் எந்த வயதாக இருந்தாலும் அதில் கலந்துகொள்வார். 181 என்ற பெண்கள் உதவி எண்ணைத் தனிச் சீட்டில் எழுதிக் கொடுக்கக் கூடாது. அந்தச் சீட்டு புருஷன் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104 என்று பல எண்களோடு ஒன்றாக அச்சடித்த தாளையே எல்லா வீட்டுக்கும் கொடுக்கிறோம். புருஷனைக் கூப்பிட்டு நியாயம் கேட்க ஒருபோதும் முயலாதீர்கள். நமக்குக் கோபம் வரும், வரத்தான் வேண்டும். ஆனால் நாம் ஆறு மணி பஸ்ஸில் ஏறிவிடுவோம்.

கருத்தடை ஆபரேஷன் பற்றிப் பேசாமல் இந்த ஊர்களில் பிள்ளைப்பேற்றைப் பேச முடியாது. மேலே சொன்ன அதே 2019-21 ஆய்வில், தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் அரை சதவீதம்கூட இல்லை. ஆணுக்கான ஆபரேஷன் சின்னது, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை என்று பெண்களுக்குத் தெரியும். "அவர் வெயிட்டு தூக்குற ஆளு, அவருக்கு முடியாம போச்சுன்னா?" என்பார்கள். அதைச் சொல்லும் பெண்ணும் நாற்றுக்கட்டு சுமப்பவராகத்தான் இருப்பார்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த சுனாமி நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. குழந்தைகள் நிறையப் பேர். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களில் பலர் ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கருக்குழாயைத் திரும்ப இணைக்கும் சிகிச்சையை அரசு இலவசமாகச் செய்து கொடுத்தது. தனியார் மருத்துவமனையில் செய்துகொள்கிறவர்களுக்கு ரூ.25,000 உதவியும் அறிவித்தது. அப்படி இணைத்துக்கொண்டு மறுபடி பிள்ளை பெற்றவர்கள் இந்தக் கடற்கரையில் இருக்கிறார்கள். இணைத்தும் கரு தங்காதவர்களும் இருக்கிறார்கள். என்னிடம் பேசியவர்களில் சிலர், துக்கம் ஆறும் முன்பே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி வீட்டில் அவசரப்படுத்தினார்கள் என்றார்கள். வேறு சிலர், அந்தப் பிள்ளைதான் தங்களை உயிரோடு வைத்தது என்றார்கள். இரண்டையும் ஒரே பெண் ஒரே பேச்சில் சொன்னதும் உண்டு. சுருக்கி எழுதும்போது இரண்டில் ஒன்றை விட்டுவிடாதீர்கள். அந்தப் பிள்ளைகள் இப்போது வளர்ந்தவர்கள். அவர்களில் சிலருக்கு இறந்துபோன அண்ணனின், அக்காவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதனால் இந்தப் பேட்டிகளை எழுதும்போது ஊர்ப் பெயரை மட்டும் மறைத்தால் போதாது. ஒரு குப்பத்தில் இத்தனை பிள்ளைகளை இழந்து, இத்தனை வருடம் கழித்து ஒன்று பெற்றவர் என்று எழுதினாலே யார் என்று தெரிந்துவிடும். எண்ணிக்கை, வருடம், புருஷன் தொழில் எல்லாவற்றிலும் தேவைக்கு மீறிய விவரத்தை நீக்கிவிட வேண்டும்.

சிசேரியன் பற்றி ஒரு வார்த்தை. அதே ஆய்வின்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியாரில் 63.8. எண்ணுக்கு அதுவே போதும். எதற்காகக் கத்தி வைத்தார்கள், அப்போது யார் என்ன சொன்னார்கள், எந்தத் தாளில் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பதை அந்தப் பெண்ணிடம்தான் கேட்க வேண்டும். "தண்ணி வத்திப்போச்சுன்னாங்க", "கொடி சுத்தியிருக்குன்னாங்க" என்று அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவச் சொல்லாக நீங்களே மாற்றிவிடாதீர்கள்.

பெண்கள் நம்மையும் கேட்பார்கள். உனக்குக் கல்யாணம் ஆச்சா, எத்தனை புள்ள, ஒண்ணோட ஏன் நிறுத்திட்ட, மாமியா நல்லவங்களா. பதில் சொல்லக் கூடாது, பேட்டி எடுப்பவர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று பழைய கையேடுகளில் இருக்கும். பிரிட்டன் சமூகவியலாளர் ஆன் ஓக்லி 1970களில் லண்டனில் முதல் பிரசவத்தை எதிர்நோக்கியிருந்த பெண்களைப் பேட்டி கண்டபோது, அந்தப் பெண்கள் அவரிடம் திருப்பிக் கேட்ட கேள்விகளை எண்ணி வைத்தார். 878 கேள்விகள். அவற்றில் பெரும்பாலானவை பிரசவம், மருத்துவம், குழந்தை வளர்ப்பு பற்றித் தகவல் கேட்டவை. பதில் சொல்லாமல் இருப்பது தவறு என்று 1981இல் அவர் எழுதினார். நான் அவர் பக்கம். நம் பெண்கள் கேட்பதும் அதே மாதிரிக் கேள்விகள்தான். வெள்ளைப்படுகிறது, அடி இறங்குகிறது, காப்பர்-டி போட்டதிலிருந்து ரத்தம் நிற்கவில்லை. மருத்துவர் வேலையை நாம் செய்ய வேண்டாம். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்தக் கிழமை யாரைப் பார்க்கலாம், கிராம சுகாதார செவிலியரின் நம்பர் என்ன, முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகை நின்றிருந்தால் எங்கே கேட்பது என்று தெரிந்து வைத்துக்கொண்டு போக வேண்டும். பேட்டி முடிந்த பிறகு அதற்கென்று நேரம் ஒதுக்குங்கள், நடுவில் வேண்டாம்.

டேப்லெட்டோடு போனால் "ஆயிரம் ரூபாய்க்கா?" என்று கேட்பார்கள். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியதிலிருந்து இப்படித்தான். இதனால் பணம் வராது, பேச மறுத்தாலும் எந்தச் சலுகையும் போகாது என்ற இரண்டையும் முதல் நிமிடத்தில் சொல்லிவிட வேண்டும். கையெழுத்து என்றால் பயப்படுகிறவர்களிடம் வாய்மொழியாகச் சம்மதம் கேட்டு, அவர் குரலிலேயே பதிவு செய்துகொள்ளலாம். ஆய்வுத் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்கும்போதே நெறிமுறைக் குழுவிடம் இதற்கும் சேர்த்து அனுமதி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு முடிந்ததும் அதே ஊர்களுக்குப் போய், யாரையும் அடையாளம் காட்டாமல், பொதுவாகக் கிடைத்ததைப் பெண்களுக்குச் சொல்லிக் காட்டுகிறோம். ஒரு கூட்டத்தில் கருத்தடை ஆபரேஷன் பகுதியை விளக்கிக்கொண்டிருந்தோம். எந்த வயதில் செய்தார்கள், எங்கே செய்தார்கள், யார் முடிவெடுத்தது, பணம் கிடைத்ததா. பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து, "எல்லாத்தையும் கேட்ட. ஆபரேஷன் முடிஞ்சு வந்து எத்தனாம் நாளு தண்ணிக்குடம் தூக்குனன்னு கேக்கலியே?" என்றார். கூட்டத்தில் ஒவ்வொருவராகத் தங்கள் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அடுத்த ஆய்வின் கேள்வித்தாளில் அதைச் சேர்த்திருக்கிறோம். பதிலை நாளாகவும் எழுதலாம், வாரமாகவும் எழுதலாம் என்று முதலில் இரண்டு கட்டம் வைத்திருந்தோம். சோதனைப் பேட்டிகளுக்குப் பிறகு வாரத்துக்கான கட்டத்தை எடுத்துவிட்டோம். அதை நிரப்புகிற மாதிரிப் பதில் யாரிடமிருந்தும் வரவில்லை.